மரையில் மூன்று நிறம்

விழுந்து எழுந்து வந்த நாளிலிருந்து கணவர் வண்டியைப் பற்றி ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. முழங்கைக் காயத்தைவிட அதுதான் அவளை உறுத்தியது.

கேள்வி கேட்காமல் இருக்கத் தெரிந்த ஆள் இல்லை அவர். பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். காய்கறிக் கடைத் தராசின் முள் ஏன் ஒரு பக்கமாகவே நிற்கிறது என்று கேட்பார். பக்கத்து வீட்டுக் குழாயில் மட்டும் தண்ணீர் ஏன் வேகமாக வருகிறது என்று கேட்பார். அப்படிப்பட்டவர், மனைவி மலைச்சரிவில் வண்டியோடு புரண்டு, கிழிந்த சட்டைக் கையோடு வாசலில் வந்து நின்றபோது, பஞ்சையும் மருந்தையும் எடுத்துவந்து துடைத்துவிட்டார். வாயால் ஊதிவிட்டார். "பார்த்து ஓட்டக் கூடாதா?" என்றார். அதோடு சரி. எந்த இடம், எப்படிப் புரண்டது, பிரேக் பிடிக்கவில்லையா, ஒன்றும் இல்லை.

அவள் கால்நடை மருத்துவர். ஜீப்பே தயங்குகிற மேட்டுநிலப் பண்ணைகளுக்கு நாலு சக்கர பைக்கில் போய் ஊசி போட்டு, பிரசவம் பார்த்து, குளம்பு சீவிவிட்டு வருவது அவள் வேலை. யானைக்கால் போல டயர்கள். பின்பக்கம் நடுவில் ஒரே ஒரு ஷாக் அப்சார்பர், அதைச் சுற்றி விரல் பருமன் கம்பியில் ஒரு சுருள் ஸ்பிரிங். மேடு பள்ளத்தின் அடி முழுவதையும் அந்த ஸ்பிரிங்தான் வாங்கிக்கொள்ளும். மிச்சம் இருந்தால் அவள் முதுகு வாங்கிக்கொள்ளும்.

அன்று ஒரு பாறைத் திட்டிலிருந்து இறங்கும்போது பின்பக்கம் தூக்கிப் போட்டது. அது வழக்கம்தான். ஆனால் சக்கரம் திரும்பத் தரையைத் தொடுவதற்குள் இருக்கைக்கு அடியில் 'டக்' என்று இரும்பு இடிக்கும் சத்தம் கேட்டது. தொட்டதும் வண்டி ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு புதருக்குள் பாய்ந்தது. தடுப்பூசிப் பெட்டி நொறுங்கியது. புதருக்குப் பதில் அந்தப் பக்கம் பள்ளம் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று அவள் வீட்டில் சொல்லவில்லை.

சொல்லாததற்குக் காரணம் இருந்தது. நகரத்தில் இருக்கும் ஆய்வுக்கூடத்தில் அவளுக்கு ஒரு நாற்காலி காத்திருந்தது. மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்து ரத்தம், சாணம் சோதிக்கிற வேலை. வருகிறாயா இல்லையா என்று இந்த வாரத்துக்குள் சொல்ல வேண்டும். கணவர் அதைப் பற்றி வற்புறுத்தவில்லை. சாப்பிடும்போது "லேபுல மத்தியானம் வீட்டுக்கு வந்துட்டுப் போகலாமாமே" என்பார். டிவி பார்க்கும்போது "லேபுக்கு ஷூ கூட வேண்டாம், செருப்பே போதும்போல" என்பார். கரையான் மாதிரி, சத்தமில்லாமல்.

விழுந்த பிறகு அவளுக்கு ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தது. அதற்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை அவர் வண்டியைக் கழுவியிருந்தார். கல்யாணமான நாளிலிருந்து தன் ஸ்கூட்டரையே மழைதான் கழுவும் என்று விட்டுவைத்திருப்பவர். சமையலறை இழுப்பறையில் இருந்த பெரிய திருப்புளியின் நுனியில் கறுப்பு கிரீஸ். துணி காயப்போடும் பக்கத்தில் சுத்தியல் கிடந்தது. விழுந்த அன்று காலையில் வேறு, "இன்னிக்கும் மேல போகணுமா?" என்று கேட்டிருந்தார்.

பன்னிரண்டு வருடம் ஒரே தட்டில் உப்புப் பார்த்த மனிதரை இப்படி நினைக்கலாமா என்று தன்னையே அதட்டிக்கொண்டாள். ஆனால் மனம் ஒரு முறை மோப்பம் பிடித்துவிட்டால் அதட்டலுக்கு நிற்காது. அவர் பள்ளிக்கூடம் போனதும் வண்டியை நடை வேகத்தில் உருட்டி ஓட்டிக்கொண்டு தம்பியின் ஒர்க்‌ஷாப்புக்குப் போனாள். கணவரிடம் சொல்லவில்லை.

தம்பியின் ஒர்க்‌ஷாப் ஒற்றை ஷட்டர் போட்ட நீளமான கூடம். பஞ்சர் பார்க்கும் தொட்டியில் தண்ணீர் தார் நிறத்தில் நின்றது. சுவரில் ஸ்பேனர்கள் அளவு வாரியாகத் தொங்கின. ஒவ்வொன்றின் பின்னாலும் அதன் உருவம் பெயின்டில் வரைந்திருந்தது, எடுத்ததைத் திரும்ப மாட்டாவிட்டால் சுவரே காட்டிக்கொடுக்கும். தொழிலில் கெட்டிக்காரன். ஆனால் எந்த வண்டியையும் சொன்ன நாளில் கொடுத்ததில்லை என்பதால் தெருவில் அவன் பெயர் 'நாளைக்கு'.

"நாளைக்கு வர்றேன்னு சொன்னியேக்கா" என்றான்.

"அது உன் பேரு. எனக்கு இன்னிக்கே பார்க்கணும். பின்னாடி ஷாக்கைக் கழட்டு. ஸ்பிரிங்கைத் தனியா எடுத்துக் காட்டு."

"முழுசாவா? விழுந்ததுல ஹேண்டில்தானே கோணிருக்கும்?"

"கழட்டுடா."

அவள் குரலைக் கேட்டு அவன் ஒரு நொடி நிமிர்ந்து பார்த்தான். பிறகு ஜாக்கியை வண்டியின் அடிச்சட்டத்துக்குக் கீழே தள்ளி, பின்சக்கரங்கள் தொங்கும்வரை தூக்கினான். அச்சுக்கு அடியில் ஒரு மரக்கட்டையைக் கொடுத்தான். போல்ட்டை உருவியதும் அச்சு தொப்பென்று விழுந்துவிடக் கூடாது. கீழ் போல்ட், பிறகு மேல் போல்ட். ஷாக்கைக் குழந்தையைத் தூக்குவதுபோல இரண்டு கையாலும் வெளியே எடுத்துவந்து, போல்ட் நுழையும் மேல் காதைத் துணி சுற்றி, மேசையின் இரும்புப் பிடியான வைஸில் இறுக்கினான்.

"இப்ப தள்ளி நில்லு. பாம்பாவது கடிக்கறதுக்கு முன்னாடி சீறும். இது சீறாது, நேரா மூஞ்சிக்குத்தான் வரும். இதுல ரெண்டு ஆளு எடை அமுங்கிக் கெடக்கு." ஸ்பிரிங்கை அழுத்திப் பிடிக்கும் இரும்புக் கொக்கிகளை மேசையில் பரப்பினான். பாதுகாப்புக் கண்ணாடி ஒன்றை அவளிடம் எறிந்து, தானும் ஒன்றை மாட்டிக்கொண்டான். முதல் கொக்கியை மாட்டுவதற்காக ஸ்பிரிங்கில் கை வைத்தான்.

ஸ்பிரிங் ஆடியது.

அழுத்தவே வேண்டியிருக்கவில்லை. இரண்டு விரலால் பிடித்து ஆட்டினால், தொளதொளத்த வளையல் மாதிரி கடகடவென்று ஆடியது. அடியில் அதைத் தாங்கவேண்டிய வட்டத் தகடு பாதி வெளியே வந்து சாய்ந்து நின்றது. அதன் விளிம்பில் இடிபட்ட புதுக் காயம் பளபளத்தது. அவள் கேட்ட 'டக்' அதுதான்.

தம்பி கண்ணாடியைக் கழற்றினான்.

"என்னடா?"

"மேல இருக்கே இந்த வளையம், இதைத் திருகித்தான் ஸ்பிரிங்கை இறுக்கறது. இதை ரொம்பத் தளர்த்திட்டாங்க. வண்டி குதிக்கும்போது ஷாக்கு முழுசா நீளும் இல்லையா, அப்போ ஸ்பிரிங்கு எட்டல. தகடு நழுவிடுச்சு. திரும்ப இறங்கும்போது கோணலா உக்காந்திருக்கு."

"தானா தளருமா?"

"தானா எப்படித் தளரும்? மேல இன்னொரு பூட்டு வளையம் போட்டு இறுக்கியிருக்கே." அவன் விரலால் வளையத்தின் பள்ளங்களைத் தடவினான். ஓரங்கள் நசுங்கி, அலுமினியம் வெள்ளையாகப் பிளந்திருந்தது. "இது பாரு. இதைத் திருப்பக் கொக்கி ஸ்பேனர்னு தனியா ஒண்ணு இருக்கு. இங்க திருப்புளியை வெச்சுச் சுத்தியால தட்டியிருக்காங்க. எந்த மெக்கானிக்கும் இந்த அநியாயத்தைப் பண்ண மாட்டான்."

இழுப்பறையில் கிடந்த திருப்புளி அவள் கண்முன் வந்தது.

தம்பி அவள் முகத்தைப் பார்க்காமல் சொன்னான்: "மாமா வீட்டுல எல்லாத்தையும் சுத்தியாலதானே ரிப்பேர் பண்ணுவாரு. டிவி ரிமோட்டைக்கூட."

"நீ அவரைச் சொல்றியா?"

"நான் யாரையும் சொல்லல. நீ லேபுக்குப் போனா அவருக்கு நிம்மதின்னு மட்டும் சொல்றேன்."

அவள் மனதில் இருந்ததையே அவன் வாயால் கேட்டபோது அவளுக்கு அது பிடிக்கவில்லை. தான் நினைத்தால் சந்தேகம். மற்றவன் சொன்னால் கோள். தம்பியும் கணவரும் ஒருவரோடொருவர் சரியாகப் பேசி வருடக்கணக்காகிறது. ஒரு முறை ஸ்கூட்டர் ரிப்பேருக்கு 'நாளைக்கு' மூன்று வாரம் எடுத்துக்கொண்டான்; வாத்தியார் கடை வாசலில் நின்று, நாலு வாடிக்கையாளர் எதிரில், மூன்று வாரத்தில் எத்தனை 'நாளைக்கு' என்று கணக்குப் போட்டுக் காட்டினார்.

"ஸ்பிரிங்கை எடு" என்றாள்.

தகட்டை விரலால் தள்ளியதும் வந்துவிட்டது. ஸ்பிரிங்கை உருவி மேசையில் வைத்தான். உள்ளே இருந்த உருளை வெளியே தெரிந்தது. வளையம் ஏறி இறங்கும் திருகு மரை அதன்மேல் நெருக்கமாக ஓடியது. தம்பி துணியை எடுத்து அதைத் துடைக்கப் போனான். கை கொஞ்சம் அவசரப்பட்டது.

"துடைக்காதே."

"கிரீஸும் மண்ணுமா இருக்குக்கா."

"இருக்கட்டும். கையை எடு."

அவள் குனிந்து பார்த்தாள். மாட்டின் கொம்பில் ஒவ்வோர் ஈற்றுக்கும் ஒரு வளையம் விழும். வயதை மறைக்க வியாபாரி அரத்தால் ராவியிருந்தாலும் அவள் விரலுக்குத் தெரிந்துவிடும். இந்த மரையிலும் வளையங்கள் இருந்தன. கீழ்ப்பகுதியில் வருடக்கணக்கான சேறு கல்லாகக் காய்ந்து கருத்திருந்தது. அதற்கு மேலே ஒரு பட்டை, செம்மண் தூசி மெல்லப் படிந்து பழுப்பாக. அதற்கும் மேலே இன்னொரு பட்டை, ஏறக்குறையச் சுத்தமான உலோகம், தூசி இப்போதுதான் ஒட்ட ஆரம்பித்திருந்தது. அதற்கு மேல்தான் வளையம் நின்றது.

"இந்தக் கருப்பு முடியற இடத்துலதான் வளையம் முதல்ல இருந்திருக்கு. சரியா?"

"ம்."

"ஒரே தடவைல இங்கேருந்து இங்க தளர்த்தியிருந்தா நடுவுல ஒரே நிறம்தானே இருக்கணும்? இது ரெண்டு நிறம். பழுப்பு ஒரு மாசத் தூசி. மேல இருக்கறது சில நாள் தூசி. ரெண்டு தடவை தளர்த்தியிருக்கு."

தம்பி ஸ்பிரிங்கை எடுத்துச் சுற்றிச் சுற்றிப் பார்த்தான், அதில் ஏதோ எழுதியிருப்பதுபோல.

"போன மாசம் ஆயில் மாத்த வண்டியை இங்கதான் விட்டேன்."

"ஆயில் மாத்தினேன்."

"ஆயில் மட்டுமா?"

ஸ்பிரிங்கைத் திரும்ப மேசையில் வைத்துவிட்டு அவன் சொன்னான்: "நீதான்க்கா முதுகு வலி தாங்கலன்னு போன்ல அழுத. சரி, கொஞ்சம் மெத்துன்னு இருக்கட்டும்னு அளவாத்தான் தளர்த்தினேன். கொக்கி ஸ்பேனர் வெச்சு, முறையா. அதோட நிறுத்தியிருந்தா ஒண்ணும் ஆயிருக்காது. சத்தியமா."

"இவ்வளவு நேரம் எதுக்குச் சொல்லல?"

"'தம்பி ஸ்பிரிங்கைத் தளர்த்தினான், அக்கா விழுந்தா'ன்னு ஊர் சொன்னா, நாளைக்கு எவன் இங்க வண்டி விடுவான்?"

"அதுக்காக என் புருஷனைக் கை காட்டினியா?"

"அவரும் தட்டியிருக்காரே! நான் பொய் சொல்லலையே!"

அது உண்மைதான். அதனால்தான் அவளுக்குக் கோபம் அதிகமானது. வரும்போது ஒருவர் மேல் இருந்த சந்தேகம் இப்போது இரண்டு பேர் மேல் நின்றது. போனை எடுத்து, "தம்பி கடைக்கு வாங்க. இப்பவே" என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டாள்.

கணவர் தோளில் பையோடு வந்தார். விரலில் சாக்பீஸ் தூள் போகவில்லை. வாசலிலேயே நின்றார், அந்த ஷட்டருக்குள் கால் வைத்து வெகுகாலம் ஆகியிருந்தது. மேசையில் தனியாகக் கிடந்த ஸ்பிரிங்கைப் பார்த்ததும், கேட்க வாயெடுத்த கேள்வியை விழுங்கிக்கொண்டார். அவள் அதைக் கவனித்தாள்.

"இதைத் தொட்டீங்களா?"

"ம்" என்றார். "ஞாயித்துக்கிழமை. நீ தூங்கும்போது."

மறுப்பார் என்று எதிர்பார்த்து வைத்திருந்த வார்த்தைகள் எல்லாம் அவளுக்குப் பயனில்லாமல் போயின.

"எதுக்கு?"

"ராத்திரி பூரா புரண்டு படுக்கறே. முதுகு உடையுதுங்கறே. வீடியோ ஒண்ணு பார்த்தேன். இந்த வளையத்தை இத்தனை சுத்து தளர்த்தினா குலுக்கல் குறையும்னு காட்டினாங்க. அத்தனை சுத்துதான் தளர்த்தினேன். ஒண்ணுகூட அதிகமில்ல."

"எங்கேருந்து எண்ணினீங்க மாமா?" என்றான் தம்பி.

"இருந்த இடத்துலேருந்து."

"கம்பெனி வெச்ச இடத்துலேருந்து எண்ணணும் மாமா! நான் ஏற்கெனவே பாதி தளர்த்தி வெச்சிருந்தேன்!"

"அதை நீ யார்கிட்டயாவது சொன்னியா?"

"உங்ககிட்ட எங்க சொல்றது? நீங்கதான் என்கூடப் பேசறதே இல்லையே!"

"நான் பேசலன்னா உங்க அக்காகிட்ட சொல்றது. வாயில என்ன, நட்டா வெச்சிருந்தே?"

"சுத்தியால அடிச்சிருக்கீங்களே, இந்த வளையத்தைப் பாருங்க, நாய் கடிச்ச செருப்பு மாதிரி..."

குற்றம் பாதிப் பாதியாகப் பிரிந்ததில் இருவருக்குமே உள்ளூர ஒரு நிம்மதி வந்திருந்தது. அந்தச் சண்டையின் குரலில் அது தெரிந்தது. வருடக்கணக்கில் பேசாத இரண்டு பேரும் இப்போது உற்சாகமாகத் திட்டிக்கொண்டார்கள்.

"ரெண்டு பேர்கிட்டயும் தனித்தனியா முதுகு வலின்னு சொன்னது நீதான்" என்று கணவர் அவள் பக்கம் திரும்பினார். சிரிக்கக்கூடச் செய்தார்.

அதுவும் சரிதான். தம்பியிடம் சொன்னாள், அவன் 'பார்க்கலாம்' என்று போனை வைத்துவிட்டான். அவன் கேட்டுக்கொள்ளவில்லை என்று நினைத்துக் கணவரிடம் சொன்னாள். அவர் சோற்றைப் பிசைந்துகொண்டே தலையாட்டினார். இரண்டு பேரும் காதிலேயே வாங்கவில்லை என்றுதான் அவள் இத்தனை நாளும் மனத்தாங்கலோடு இருந்தாள். அவர் வீட்டுக்காரர், இவன் உடன்பிறந்தவன். ஆளுக்கொரு நாள், அவளுக்குத் தெரியாமல், அதே வளையத்தைத் திருப்பியிருக்கிறார்கள்.

சந்தேகம் அத்தோடு கரைந்திருக்க வேண்டும். கரையவில்லை. ஒரு கல் அடியில் தங்கியது.

"நான் விழுந்து வந்தேனே, அப்பவே உங்களுக்குத் தெரியுமா?" என்று கணவரைக் கேட்டாள்.

அவர் சிரிப்பு நின்றது. பையை இந்தத் தோளிலிருந்து அந்தத் தோளுக்கு மாற்றினார். கணக்குத் தவறாக வந்த மாணவன்போலத் தரையைப் பார்த்தார்.

"சொல்லுங்க."

"பின்பக்கம் இழுத்துச்சுன்னு நீ சொன்னே. அப்பவே உள்ள திக்குனு ஆச்சு. இதாலதானோன்னு நெனச்சேன்."

"அப்புறம் ஏன் கேட்கல? ஏன் சொல்லல?"

"சொல்லணும்னுதான் இருந்தேன். மருந்து போடும்போது நீ சொன்னே, 'இனிமே மலையே வேண்டாம்போல இருக்கு'ன்னு. வலியில சொன்னது. எனக்குத் தெரியும். ஆனா..." நிறுத்தினார். "பயந்துட்டா நீ லேபுக்குப் போயிடுவேன்னு தோணுச்சு. வேணும்னு நான் எதையும் பண்ணல. தானா நடந்துச்சு, நடந்தபடி இருக்கட்டும்னு விட்டுட்டேன்."

"வண்டியை எடுக்காதேன்னாவது சொல்லியிருக்கலாமே. இன்னிக்கு நான் அதுலயே மலைக்குப் போயிருந்தா?"

"நீ லீவுல இருந்தே. நாளைக்குள்ள சொல்லிடலாம்னு..."

'நாளைக்கு' என்ற சொல்லைக் கேட்டும் தம்பிகூடச் சிரிக்கவில்லை. அவன் திரும்பி, சுவரில் ஏற்கெனவே நேராகத் தொங்கிய ஸ்பேனர் ஒன்றை நேராக்கினான்.

அவள் கத்தவில்லை. அழவும் இல்லை. பிரசவத்தில் சிக்கிய கன்றின் கால் எந்தப் பக்கம் மடங்கியிருக்கிறது என்று கையை உள்ளே விட்டுத் தேடும்போது அவள் முகம் எப்படி இருக்குமோ அப்படி இருந்தது. இவர் தன்னைக் கொல்லப் பார்க்கவில்லை. அது தெளிவாகிவிட்டது. தன் பயம் இவருக்கு உபயோகப்பட்டது, அதுவும் தெளிவாகிவிட்டது. இரண்டையும் ஒரே மனிதரில் வைத்துக்கொண்டு வீட்டுக்குப் போக வேண்டும்.

"புதுத் தகடு இருக்கா?" என்று தம்பியைக் கேட்டாள்.

"இருக்கு."

"மாட்டு. வளையம் கருப்பு முடியற இடத்துக்கு வரணும். நான் பார்த்துட்டுத்தான் பூட்டணும்."

இம்முறை இரும்புக் கொக்கிகள் தேவைப்பட்டன. தம்பி ஒரு பக்கம் திருகினான். மறுபக்கம் பிடிக்க ஆள் வேண்டும். கணவர் பையைக் கீழே வைத்துவிட்டு ஓரடி முன்னால் வந்தார். அவள் அவரைத் தாண்டிப் போய், கண்ணாடியை மாட்டிக்கொண்டு தானே பிடித்தாள். ஸ்பிரிங் கொஞ்சம் கொஞ்சமாக அமுங்கியது. உள்ளங்கை வழியாக அதன் முறுக்கு அவள் தோள்வரை ஏறியது. தகடு உட்கார்ந்தது. வளையம் இறங்கிக் கருப்பு விளிம்பில் நின்றது. அவள் குனிந்து பார்த்துத் தலையசைத்த பிறகு தம்பி பூட்டு வளையத்தை இறுக்கினான்.

ஷாக் வண்டியில் ஏறியது. மேல் போல்ட், கீழ் போல்ட். ஜாக்கி இறங்கியது.

"நாளைக்கு மேல போறியா?" என்று கணவர் கேட்டார். மெதுவாக.

"போறேன். ஊசி போடாத மாடு நிறைய இருக்கு."

"லேபு?"

"அதை நான் யோசிச்சுச் சொல்றேன். பயந்து சொல்ல மாட்டேன்."

சுவரிலிருந்து ஒரு ஸ்பேனரை எடுத்தாள். வண்டிக்குப் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, முன்சக்கரத்தின் முதல் நட்டில் மாட்டி இழுத்துப் பார்த்தாள். அசையவில்லை. அடுத்தது. அசையவில்லை. அதற்கு அடுத்தது.

"அதுல எல்லாம் நான் கையே வெக்கலம்மா" என்றார் கணவர்.

"தெரியும்" என்றாள்.

ஸ்பேனரை அடுத்த நட்டில் மாட்டினாள்.